ஊருக்குள் பணியாற்றும் செவிலியரும் அவரது உரிமமும்: அமெரிக்க நடைமுறை குறித்து ஒரு விளக்கம்

அமெரிக்காவில் செவிலியர் உரிமத்தை மத்திய அரசு வழங்குவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றத்தில் இயற்றிய செவிலியப் பணிச் சட்டத்தின்கீழ் ஒரு வாரியத்தை அமைத்து, அதன் வழியாகவே ஒருவரைப் 'பதிவு பெற்ற செவிலியர்' என்று ஏற்கிறது. நம்மவர்கள் பலரும் 'ஆர்.என்.' என்ற இரண்டு எழுத்துகளில் சொல்லும் தகுதி இதுதான். உரிமம் பற்றிய பேச்சு பெரும்பாலும் தேர்வு, விசா, சம்பளம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. வேலை கிடைப்பதற்கான கடைசிப் படி என்றே அது கருதப்படுகிறது. ஆனால் சட்டம் அதை எழுதிய நோக்கம் வேறு. செவிலியருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைத் தாமாகச் சோதித்துப் பார்க்க இயலாத பொதுமக்களின் பாதுகாப்புக்காகவே அது எழுதப்பட்டது. அந்த நோக்கம் எவ்வளவு கனமானது என்பது, மருத்துவர்களும் மேற்பார்வையாளர்களும் சூழ்ந்த பெரிய மருத்துவமனையில் தெரிவதைவிட, ஒரு சிற்றூரில் தனியாக ஒரு வீட்டுக்குள் நுழையும் செவிலியரிடம்தான் அதிகம் தெரியும்.

நாட்டின் பதிவு பெற்ற செவிலியர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் மருத்துவமனைகளில் பணிபுரிகின்றனர். எஞ்சியோர் பள்ளிகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள், கவுன்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற உட்பிரிவு) பொதுச் சுகாதாரத் துறைகள், வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள், சிறு கிளினிக்குகள், இறுதிக்காலப் பராமரிப்புக் குழுக்கள் எனப் பரவியிருக்கின்றனர். இவர்களைப் பற்றி எழுதப்படுவது குறைவு. உரிமச் சட்டத்தின் நுணுக்கங்கள் பெரும்பாலும் இவர்களுடைய அன்றாடப் பணியில்தான் உரசிப் பார்க்கப்படுகின்றன என்பதால், இக்கட்டுரை அவர்கள் பக்கமே சாய்கிறது.

இச்சட்டத்தின் தொடக்கமே உள்ளூர்த் தன்மை கொண்டது. 1893இல் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் லிலியன் வால்டு, குடியேறிய ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கே சென்று பார்க்கும் செவிலியப் பணியைத் தொடங்கினார். 1902இல் வால்டின் அமைப்பிலிருந்து லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நகரப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். பயிற்சிப் பள்ளியில் தேறியவருக்கும், நோயாளியின் அருகில் இருந்து பழகியவருக்கும் வேறுபாடு காட்ட எந்தப் பதிவேடும் இல்லை. நியூசிலாந்து 1901இல் செவிலியர் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் 1903 மார்ச்சில் வட கரோலினா முதல் மாநிலமாக இதில் இறங்கியது. அங்கே முதலாவதாகப் பதிவு செய்துகொண்ட ஜோசபின் பர்ட்டன், கிரேவன் கவுன்டியின் நீதிமன்றத்தில்தான் தன் பெயரைப் பதிந்தார். அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா ஆகியவையும் சட்டம் இயற்றின. 1923க்குள் அன்றிருந்த 48 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் பதிவுச் சட்டம் வந்துவிட்டது.

'ஏதோ ஒரு வடிவில்' என்று சொல்லக் காரணம் உண்டு. அந்தத் தொடக்ககாலச் சட்டங்கள் பட்டத்தை மட்டுமே காத்தன. பதிவு செய்யாத ஒருவர் 'பதிவு பெற்ற செவிலியர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் கூலிக்குச் செவிலியப் பணி செய்வதை யாரும் தடுக்கவில்லை. உரிமம் இல்லாமல் இந்த வேலையையே செய்யக் கூடாது என்ற கட்டாயச் சட்டத்தை நியூயார்க் 1938இல் இயற்றியது. அது முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. அதே சட்டம் பதிவு பெற்ற செவிலியர், அவரைவிடக் குறைந்த காலப் பயிற்சி பெற்ற செயல்முறைச் செவிலியர் என்ற இரண்டு அடுக்குகளையும் பிரித்தது. இன்று ஒரு முதியோர் இல்லத்தில் இரவு இரண்டு மணிக்கு யார் எதைச் செய்யலாம் என்ற கேள்விக்கு விடை தருவது இந்த அடுக்குப் பிரிவுதான்.

உரிமத்துக்கான வழி மூன்று பகுதிகளைக் கொண்டது. வாரியம் ஏற்ற கல்வி, குற்றப் பின்னணிச் சோதனை, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான உரிமத் தேர்வான என்க்ளெக்ஸ். இரண்டாண்டு அசோசியேட் பட்டம் பெற்றவரும் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவரும் எழுதுவது ஒரே தேர்வு. பெறுவதும் ஒரே உரிமம். 1994 முதல் இது கணினியில் நடக்கிறது. ஒருவர் அளிக்கும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி தீர்மானிக்கும். 2023 ஏப்ரலில் புதுப்பிக்கப்பட்ட வடிவத்தில், ஐந்து மணி நேரத்துக்குள் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். தேர்வர் தேர்ச்சி எல்லைக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்பது 95 சதவீத உறுதியுடன் தெரிந்த இடத்தில் தேர்வு நின்றுவிடும். ஆகவே 85ஆம் கேள்வியோடு திரை அணைந்துவிட்டால் அது நல்ல சேதியாகவும் இருக்கலாம், கெட்ட சேதியாகவும் இருக்கலாம். தவறியவர் மீண்டும் எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் படித்தவர்களுக்கு இதற்கு முன்பே ஒரு படி இருக்கிறது. சொந்த மாநிலச் செவிலியர் கவுன்சிலின் பதிவும், படித்த பாடங்களின் விவரமும் சரிபார்க்கப்பட வேண்டும். பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, மனநலம் ஆகிய பிரிவுகளில் வகுப்பு நேரமும் நோயாளிகளிடையே பயிற்சி பெற்ற நேரமும் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும். தேர்வில் தேறிவிட முடியும் என்பவர்களும் இந்த மணிக்கணக்கில் சிக்கிக்கொள்வதுண்டு. அப்படிச் சிக்கியவர்கள் இதை வெறும் காகிதத் தொல்லை என்று நினைப்பது இயல்பு.

அது காகிதத் தொல்லை மட்டுமில்லை என்பதை 2023 ஜனவரியில் வெளிவந்த ஒரு வழக்கு காட்டியது. தெற்கு ஃபுளோரிடாவில் இயங்கிய சில செவிலியப் பள்ளிகள், ஒரு வகுப்புக்கும் வராதவர்களுக்கு 7,600க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்களை விற்றதாக மத்திய அரசின் வழக்கறிஞர்கள் குற்றம்சாட்டினர். அவற்றை வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் என்க்ளெக்ஸ் தேர்வில் தேறியே விட்டார்கள். இதை வைத்துத் தேர்வையே குறை சொன்னவர்கள் உண்டு. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். தேர்வு என்பது அறிவையும் தீர்மானிக்கும் திறனையும் அளக்கும் கருவி. உயிருள்ள நோயாளியின் முன் பல நூறு மணி நேரம், அனுபவம் மிக்க ஒருவரின் கண் எதிரே நின்றதற்கு அது சான்றளிக்க முடியாது. அதற்கெனத் தனியாக வேறொரு நிபந்தனையைச் சட்டம் வைத்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். மாநில வாரியங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு உரிமங்களை ஒவ்வொன்றாக ரத்து செய்யத் தொடங்கின. வேலையில் இருந்த சிலரை அவர்களுடைய மேற்பார்வையாளர்கள் நல்ல பணியாளர்கள் என்றே மதித்திருக்கக் கூடும். அது அவர்களைக் காக்கும் வாதமாக வாரியங்களில் எடுபடவில்லை.

உரிமம் கையில் வந்த பிறகு அது நிரந்தரமும் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த இடைவெளியில் கலிஃபோர்னியா 30 மணி நேரத் தொடர்கல்வியைக் கேட்கிறது, டெக்சஸ் 20 மணி நேரத்தைக் கேட்கிறது, ஒன்றும் கேட்காத மாநிலங்களும் உள்ளன. ஒரு செவிலியரின் உரிமம் நடப்பில் இருக்கிறதா, அவர் மீது நடவடிக்கை உண்டா என்பதை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கண்டனம், நன்னடத்தைக் கண்காணிப்பு, தற்காலிகத் தடை, ரத்து எனத் தண்டனை படிப்படியாக ஏறும். பெருநகரத்தில் ஒரு கண்டனம் கோப்பில் புதைந்துவிடலாம். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த கவுன்டியில் அப்படி நடப்பதில்லை.

இனி, உரிமம் வேலையாக மாறும் இடத்துக்கு வருவோம். இதய பலவீனத்துக்காக மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய ஒரு முதியவரை எடுத்துக்கொள்ளலாம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி, அவரை வீட்டுப் பராமரிப்புக்கு அனுப்பியதிலிருந்து அல்லது அவர் வீடு திரும்பியதிலிருந்து 48 மணி நேரத்துக்குள், அல்லது மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளில், முதல் மதிப்பீடு நடந்தாக வேண்டும். செவிலியப் பராமரிப்பு தேவைப்படும் நோயாளிக்கு அதைப் பதிவு பெற்ற செவிலியர்தான் செய்ய வேண்டும். அவர் முதலில் கேட்பது வீட்டிலுள்ள எல்லா மருந்துப் புட்டிகளையும் மேசைமேல் கொண்டுவந்து வைக்கும்படி. மருத்துவமனை புதிதாக எழுதிக் கொடுத்த புட்டியில் 'ஃபியூரோசமைடு' என்று இருக்கும். குளியலறை அலமாரியில் பாதி தீர்ந்து கிடக்கும் பழைய புட்டியில் 'லேசிக்ஸ்' என்று இருக்கும். இரண்டும் நீரை வெளியேற்றும் ஒரே மருந்து; ஒன்று மருந்தின் பொதுப்பெயர், மற்றது வணிகப்பெயர். நோயாளி இரண்டையும் தவறாமல் போட்டுக்கொண்டிருப்பார். சொன்னபடி கேட்கும் நோயாளி என்பதே இங்கே ஆபத்தாகிவிடுகிறது.

அந்த இடத்தில் செவிலியர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதுதான் உரிமத்தின் உள்ளடக்கம். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் போகிறது என்று கண்டுபிடிப்பது, இரத்த அழுத்தத்தை உட்கார்ந்தும் நின்றும் பார்ப்பது, தலைசுற்றல் உண்டா என்று கேட்பது, நீரிழப்பு தொடங்கிவிட்டதா என்று தீர்மானிப்பது ஆகிய எல்லாம் அவருடைய சொந்தப் பொறுப்பு. யாருடைய அனுமதியும் தேவையில்லை. அளவை மாற்றி எழுதுவது அவர் வேலை அன்று. உடனே மருத்துவரை அழைத்து, கண்டதைச் சொல்லி, உத்தரவைப் பெற்று, அதைப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவர் அழைப்பை எடுக்கவில்லை என்றால் அடுத்து யாரை அழைப்பது என்று யோசிப்பதும் அவர் கடமையே. 'மருத்துவரிடம் தகவல் விட்டுவிட்டேன்' என்பது வாரியத்தின் முன் போதுமான பதிலாகக் கருதப்படுவது அரிது. மருத்துவமனை வார்டில் இதே நிலைமை ஏற்பட்டால் பக்கத்தில் இன்னொரு செவிலியரும் மருந்தாளரும் இருப்பார்கள். இங்கே அந்த மேசையின் எதிரில் இருப்பது நோயாளியும் அவர் மனைவியும் மட்டுமே. கிளம்புமுன் தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்துவைக்கும்படி அவர் சொல்லிவிட்டுப் போவார்; ஒரே நாளில் இரண்டு மூன்று பவுண்டு, ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டு என எடை ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள், அப்போது காத்திராமல் அழைக்க வேண்டும்.

தாமே செய்வதோடு, பிறரைச் செய்ய வைப்பதற்கும் உரிமம் பொறுப்பாகிறது. அதே வீட்டுக்குக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் உதவியாளர் ஒருவர் வருவார். மெடிகேர் விதிப்படி, செவிலியப் பராமரிப்பு பெறும் நோயாளியின் உதவியாளரைச் செவிலியரோ பிற சிகிச்சையாளரோ 14 நாளுக்கு ஒருமுறையாவது மேற்பார்வையிட வேண்டும். எந்த வேலையை, எந்த நோயாளிக்கு, எந்த நிலையில், யாரிடம் ஒப்படைக்கலாம் என்று முடிவெடுப்பது செவிலியர்தான். ஒப்படைத்த பின்னும் விளைவைக் கவனிக்கும் கடமை அவரிடமே தங்கிவிடுகிறது. மதிப்பீடும் தீர்மானமும் ஒப்படைக்கக் கூடாதவை என்பது ஏறத்தாழ எல்லா மாநிலச் சட்டங்களுக்கும் பொதுவான கோடு.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில் பள்ளிகளில்தான் பெரிய சண்டை நடந்தது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு மதிய உணவுக்கு முன் இன்சுலின் வேண்டும். பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே செவிலியர் என்ற நிலையில், அவர் அந்த நேரத்தில் வேறொரு பள்ளியில் இருப்பார். பயிற்சி பெற்ற ஆசிரியரோ அலுவலக ஊழியரோ ஊசி போடலாமா? கலிஃபோர்னியாவில் செவிலியர் அமைப்புகள் கூடாது என்று வாதாடின. நீரிழிவுக் குழந்தைகளின் பெற்றோர் தரப்பு, செவிலியர் இல்லாத காரணத்தால் குழந்தை பள்ளிக்கு வர முடியாமல் போவது நியாயமா என்று கேட்டது. 2013 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம், மருத்துவரின் உத்தரவும் பெற்றோரின் ஒப்புதலும் இருந்தால் பயிற்சி பெற்ற, உரிமமில்லாத பள்ளி ஊழியர் இன்சுலின் போடலாம் என்று தீர்ப்பளித்தது. செவிலியர் தரப்பின் அச்சத்தை வெறும் தொழில் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இன்சுலின் அளவில் நேரும் பிழை உயிரை எடுக்கக் கூடியது. ஆனாலும் ஆளே இல்லாத இடத்தில் உரிமத்தின் கோட்டை மட்டும் இறுக்கிப் பிடிப்பதால் குழந்தைக்குப் பாதுகாப்பு கூடிவிடாது என்பதைத் தீர்ப்பு உணர்ந்திருந்தது. ஆள் இல்லாததற்குக் காரணம் பள்ளி மாவட்டங்களின் நிதிநிலை. அதை எந்த உரிமச் சட்டமும் தீர்க்காது.

முதியோர் இல்லங்களிலும் இதே இடைவெளி வேறு உருவில் உள்ளது. மெடிகேர் பணம் பெறும் இல்லத்தில் உரிமம் பெற்ற செவிலியர் ஒருவர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்பது பொதுவான மத்தியச் சட்டம். ஆனால் பதிவு பெற்ற செவிலியர் நாளுக்குத் தொடர்ச்சியாக எட்டு மணி நேரம் இருந்தால் போதும். மீதி நேரத்தைச் செயல்முறைச் செவிலியர் பார்த்துக்கொள்ளலாம். நள்ளிரவில் ஒரு மூதாட்டி கட்டிலிலிருந்து விழுந்தால், பணியில் இருப்பவர் நாடித்துடிப்பைப் பார்ப்பார், காயத்தைக் குறிப்பார். முழு மதிப்பீடு செய்து தீர்மானிப்பது அவருடைய உரிமத்தின் எல்லையைத் தாண்டுவதாகப் பல மாநிலங்கள் கருதுகின்றன. அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பதிவு பெற்ற செவிலியரின் தொலைபேசி ஒலிக்கும்.

தொலைபேசி என்றதும் எல்லைக் கேள்வி எழுகிறது. சட்டத்தின் பார்வையில் செவிலியப் பணி நடப்பது நோயாளி இருக்கும் இடத்தில். செவிலியர் எங்கே அமர்ந்து பேசினாலும் நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் வேண்டும். மாநில எல்லையில் அமைந்த ஊர்களில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வசிக்கும் நோயாளியை அழைத்து நலம் விசாரிப்பதும் சட்டச் சிக்கலாகிவிடும். இதற்காகவே 2000ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கிடையே உரிம ஒப்பந்தம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. 2018 ஜனவரியில் அது புதிய வடிவம் பெற்றது. இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் அதில் உள்ளன. தாம் நிரந்தரமாக வசிக்கும் மாநிலத்தில் பெற்ற பன்மாநில உரிமத்தைக் கொண்டு மற்ற உறுப்பு மாநிலங்களிலும் பணியாற்றலாம். இன்னோர் உறுப்பு மாநிலத்துக்கே குடிபெயர்ந்தால் 60 நாளுக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். பெரிய மாநிலங்களான கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் இதில் சேரவில்லை. செவிலியர் சங்கங்களின் எதிர்ப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணம். வேற்று மாநிலத்தின் தளர்வான விதிகளில் தேறியவர் தங்கள் ஊரில் வந்து பணியாற்றுவதையும், வேலைநிறுத்தத்தின்போது ஆட்களை எளிதில் இறக்கிக்கொள்ள வழி ஏற்படுவதையும் சங்கங்கள் விரும்பவில்லை.

உரிமம் சுமத்தும் கடமைகளில் மிகக் கடினமானது, உடன் பணியாற்றுபவர் மீதே புகார் செய்வது. மேற்கு டெக்சஸில் சில ஆயிரம் மக்களே வாழும் கெர்மிட் என்ற ஊரில், கவுன்டி மருத்துவமனையில் நீண்டகாலம் பணியாற்றிய இரண்டு செவிலியர்கள், அங்கிருந்த மருத்துவர் ஒருவரின் சிகிச்சை முறைகள் நோயாளிகளுக்குத் தீங்கானவை என்று கருதி, 2009இல் மாநில மருத்துவ வாரியத்துக்குப் பெயர் குறிப்பிடாமல் கடிதம் எழுதினர். அதில் நோயாளிகளின் கோப்பு எண்கள் இருந்தன. மருத்துவரின் நண்பரும் கவுன்டியின் காவல் தலைவருமான ஷெரிஃப், எழுதியவர் யார் என்று விசாரணையில் இறங்கினார். செவிலியர்களின் கணினியிலேயே கடிதம் கிடைத்தது. இருவரும் வேலையை இழந்தனர். அதிகாரபூர்வத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியதாக அவர்கள் மீது குற்ற வழக்கும் தொடரப்பட்டது. பத்தாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றச்சாட்டு அது.

உரிமத்தை மாநிலம் தருகிறது, நோயாளியின் பாதுகாப்புக்காகக் குரல் கொடுக்கச் சொல்வதும் மாநில வாரியத்தின் விதி. அதற்குக் கீழ்ப்படிந்தவர்களை வழக்கில் நிறுத்தியது உள்ளூர் அதிகாரம். புகார் எழுதியவர், புகாருக்கு ஆளானவர், விசாரித்த அதிகாரி, தீர்ப்புக் கூற வேண்டிய ஜூரி என எல்லோரும் ஒரே வட்டாரத்துக்குள் புழங்கும் இடங்களில் இது எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது என்பதைத்தான் இவ்வழக்கில் கவனிக்க வேண்டும். ஒருவர் மீதான வழக்கு விசாரணைக்கு முன்பே கைவிடப்பட்டது. மற்றவரை 2010 பிப்ரவரியில் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் விடுவித்தது. இருவரும் தொடுத்திருந்த வழக்கில் பின்னர் 7,50,000 டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 2011இல் ஷெரிஃப் குற்றவாளி எனத் தீர்ப்பாகிப் பதவியை இழந்தார். அதே ஆண்டு, நோயாளிகளின் நலனுக்காக நல்லெண்ணத்துடன் புகார் செய்யும் செவிலியருக்குக் குற்ற வழக்கிலிருந்தும் பாதுகாப்பு அளிக்கும் வகையில் டெக்சஸ் தன் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் திருந்தினாலும், இரண்டு செவிலியர்களும் அந்த மருத்துவமனை வேலைக்குத் திரும்பவில்லை.